சூடு காட்டக் கூடாத கல்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஜெயப்பிரியா அவர்களே, அக்காவை இழந்து நிற்கும் ஜாய்ஸ் அவர்களே, நிலவியல் துறையின் ஆசிரியர்களே, மாணவர்களே, இன்று பட்டறைகளை மூடிவிட்டு மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் கல் தொழிலாளர்களே, மூன்றாவது வரிசையில் இருக்கும் சந்திரம்மா அவர்களே! உங்கள் எல்லோரையும் ஜெகதீசனாகிய நான் வணங்குகிறேன். இந்தத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து, போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றவன் நான்.

நண்பர்களே, நம் பேராசிரியர் முனைவர் ஜெசிந்தா மறைந்து நாற்பது நாள் ஆகிறது. இந்த நாற்பது நாளில் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அதற்குக் காரணம் துக்கம் மட்டும்தானா? இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கி முன்னால் வந்து நிற்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

யார் இந்த ஜெசிந்தா? கருங்குழியில் பிறந்தவர். பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகள். தொண்ணூற்று நான்காம் ஆண்டு இந்தக் கல்லூரி வேலைக்கான நேர்முகத் தேர்வில், "இத்தனை பாடம் இருக்க, கல்லைப் போய் ஏன் படித்தீர்கள்?" என்று ஒருவர் ஏளனமாகக் கேட்டார். "நிலம் எங்களுக்கு இல்ல சார். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்க யாரும் தடுக்க மாட்டாங்கல்ல?" என்றார் ஜெசிந்தா. கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டாராம்.

நம் துறையின் கனிமச் சேகரிப்பில் அறுநூற்று நாற்பது மாதிரிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தப்பான பெயரோடு கிடந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எடை பார்த்து, நகத்தால் கீறி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டில் மூன்று வரி இருக்கும். கண்டது, அளந்தது, தெரியாதது. தெரியாததை எழுதி வைத்த ஆசிரியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

அந்த அறுநூற்று நாற்பதில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். ஐம்பதுகளில் ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் பரிமாற்றமாக அனுப்பிய பெட்டியில் வந்த கல் அது. வெள்ளைக் கால்சைட்டுக்குள் கடுகு கடுகாக வெள்ளிநிறப் புள்ளிகள். சீட்டில் 'செம்பு செலினைடு' என்று மட்டும் இருந்தது.

கல் தொழிலாளர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். செம்பும் செலினியமும் சேர்ந்து உருவாகும் கனிமங்கள் உலகத்தில் மிகச் சில. மூன்று செம்பு அணுவுக்கு இரண்டு செலினியம் என்றால் செர்ரிப் பழ நிறத்தில் ஊதா கலந்தாற்போல் இருக்கும். அது உமாங்கைட். ஒன்றுக்கு ஒன்று என்றால் கருநீலம். அது கிளாக்மனைட். இரண்டு செம்புக்கு ஒரு செலினியம் என்றால்தான் சிக்கல். ஏனென்றால் அதே சரக்கில் இரண்டு கனிமங்கள் உண்டு. அணுக்கள் கனசதுரமாக அடுக்கப்பட்டால் பெர்சீலியனைட். ஒரு பக்கம் சற்றே நீண்டு அடுக்கப்பட்டால் பெல்லிடோயைட். இரண்டும் மென்மையானவை, நகம் பட்டாலே கீறல் விழும். இரண்டும் தண்ணீரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மைக்ராஸ்கோப்பில் ஒளியை வடிகட்டும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றினால் முதலாவது இருண்டே கிடக்கும். இரண்டாவது லேசாக மினுங்கி அடங்கும். அந்த மினுங்கலைப் பார்க்க ஜெசிந்தா ஒரு முழு மழைக்காலம் உட்கார்ந்தார்.

செலினியம் இருக்கிறதா என்று பார்க்கக் கரித்துண்டின்மேல் வைத்துத் தீயை ஊதுவார்கள். அழுகின முள்ளங்கி நாற்றம் வரும். வேறு மாதிரிகளுக்கு அதைச் செய்து காட்டி, மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பார். இந்தக் கல்லுக்கு மட்டும் தீக்குச்சியைக்கூட அருகில் கொண்டுபோக விடவில்லை. "நூத்தி இருபது டிகிரி தாண்டினா உள் அடுக்கு கலைஞ்சிடும். அப்புறம் நாம பாக்குறது கல்லை இல்ல, நாம பண்ணின வேலையை" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் எல்லோரிடமும்! என்னிடமும்தான்.

அப்போது எங்கள் ஆய்வகத்தில் மாதிரிகளை அறுத்து மெருகேற்றியவர் சின்னையன். முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடமாகத் தற்காலிகப் பணி. அவர் மெருகேற்றிய கல்லில் உங்கள் முகம் தெரியும். மைக்ராஸ்கோப்பிலோ எக்ஸ்ரே கருவியிலோ வைப்பதற்குக் கல் துணுக்கைப் பிசினுக்குள் பதிக்க வேண்டும். இரண்டு வழி உண்டு. குளிர் பிசினை ஊற்றி ஒரு நாள் ஆற விடலாம். அல்லது நூற்றைம்பது டிகிரிச் சூட்டில் இயந்திரத்தில் வைத்துப் பத்து நிமிடத்தில் அழுத்தி எடுக்கலாம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஜனவரி. சென்னை ஆய்வகம் ஒன்றில், அணு அடுக்கைக் கோடுகளாகக் காட்டும் எக்ஸ்ரே கருவி எங்களுக்கு மறுநாள் காலை கிடைத்திருந்தது. ஜெசிந்தா திருவிடந்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். சின்னையன் குளிர் பிசினைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இது ஆறுறதுக்குள்ள கருவி கை நழுவிடும். மிஷின்ல போட்டு அமுக்கிடு" என்றேன்.

"வேணாம் சார். சூடு காட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீறாங்க."

"நான் சொல்றேன், போடு. பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆவாது."

போட்டார். நான் சொன்னதால் போட்டார்.

சபையோரே, பின்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் எந்த அட்டவணையிலும் இல்லாத கோடுகள் வந்தன. இரண்டு முறை பார்த்தோம். மூன்று முறை பார்த்தோம். உலகத்தில் யாரும் பார்க்காத கனிமம் என்று முடிவு கட்டினோம். நம் பாலாற்றின் பெயரைச் சேர்த்து 'பாலாறைட்' என்று வைக்கலாம் என்றேன். கட்டுரை வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள். அந்தப் படத்தில் ஜெசிந்தா நடுவில், நான் வலப்பக்கம். சின்னையன் படத்தில் இல்லை.

மற்றவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா என்ன செய்தார் தெரியுமா? தனக்குத் தெரியாதது என்ன என்று தேடினார். அதே கல்லிலிருந்து இன்னொரு துணுக்கைத் தானே எடுத்து, தானே குளிர் பிசினில் பதித்து, மீண்டும் சோதித்தார். அதிசயக் கோடுகள் இல்லை. சாதாரண பெல்லிடோயைட். அரிதான கனிமம்தான், ஆனால் ஏற்கெனவே பெயர் பெற்றது. சூட்டில் பாதி கலைந்து, ஆறும்போது பாதி திரும்பிய ஒரு கலவைக்குத்தான் நாங்கள் நம் ஆற்றின் பெயரை வைத்திருந்தோம்.

"யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள்" என்று சொன்னவர்கள் உண்டு. "எங்கிருந்தோ வந்தவங்களுக்கு மேடை கொடுத்தா இப்படித்தான்" என்று அவர் காதுபடவே பேசியவர்களும் உண்டு. அவர் கலங்கவில்லை. இதே அரங்கில், இதே இடத்தில் நின்று, "பிழை என்னுடையது. மாதிரி எப்படித் தயாரானது என்று நான் சரிபார்த்திருக்க வேண்டும்" என்று படித்துவிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிவு? எனக்கு வரவில்லையே!

விசாரணை வைத்தார்கள். சூடேற்றியது யார் என்று கேட்டார்கள். சின்னையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான்தான் சார்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதிரிலிருந்த ஃபைலைப் புரட்டினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வேலை போயிற்று. ஜெசிந்தா எழுதிய மூன்று முறையீடுகளும் திரும்பி வந்தன. கல்லை மெருகேற்றத் தெரிந்தவர் எங்கே போவார்? மாமல்லபுரத்துக்குப் போனார். ஒரு சிற்பப் பட்டறையில் கிரைண்டர் பிடித்தார். தண்ணீர் விடாமல் கருங்கல்லைத் தேய்க்கும் வேலை. ஐந்தாவது வருடம் இருமல் வந்தது. ஆறாவது வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை. ஏழாவது வருடம் அவர் இல்லை. நுரையீரல் முழுக்கக் கல் தூசி என்றார்கள் மருத்துவர்கள்.

ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது அவரைப் பார்த்தேன். பட்டறை வாசலில் தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்று கும்பிட்டார். நான் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். நண்பர்களே, அவர் போன பிறகும் எந்தப் பட்டறையைக் கடந்தாலும் அந்த வெள்ளை உருவம் எழுந்து நிற்கிறது. கிரைண்டர் சத்தம் கேட்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். வீட்டில் மிக்சி ஓடினாலும் வெளியே போய் நின்றுகொள்கிறேன். ஏன் என்று என் மனைவி கேட்டு அலுத்துவிட்டாள்.

ஜெசிந்தா வேறு மாதிரி மனுஷி. சின்னையன் படுத்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் மாமல்லபுரம் போனார். பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். கிரைண்டர்மேல் தண்ணீர் சொட்டக் குழாய் போட வைத்தார். முகமூடி கொடுத்தார். நுரையீரல் எக்ஸ்ரே முகாம் நடத்தினார். "டீச்சர் வந்துட்டாங்க, பைப்ப தொற" என்று இங்கே இருக்கிற நீங்களே குரல் கொடுப்பீர்கள், இல்லையா? பதினேழு பட்டறைகளில் ஒன்பதில் இன்று தூசி பறப்பதில்லை. அது அவர் செய்தது.

கடந்த ஏப்ரலில் அப்படி ஒரு முகாமுக்கு நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

"சின்னையன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு சார். சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

நான் மடியில் கிடந்த முகமூடியை மடிக்க ஆரம்பித்தேன்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. 'சாருக்கு ரெண்டு பொண்ணு கீது, பேரு கெட்டுட்டா கல்யாணம் நின்னுடும், வுட்டுடுங்கம்மா'ன்னாரு."

"இத்தனை வருஷம் ஒரே ரூம்ல உக்காந்திருந்தோமே ஜெசிந்தா! ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்குவீங்க. அது எனக்கு வேணாம். நீங்களா வந்து சொல்லணும்."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "மே முப்பத்தொண்ணு போகட்டும். ஓய்வு பெற்றதும் சொல்றேன்" என்றேன். அவர் "சரி சார்" என்று எழுந்துபோய் முகமூடிப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். மே மாதம் முடிவதற்குள், ஒரு காலைப்பொழுதில், வகுப்புக்குக் கிளம்பும்போது அவர் இதயம் நின்றுவிட்டது.

ஆறு வருடம் எனக்காகக் காத்திருந்தவர். நான் காக்க வைத்து மூன்று வாரத்துக்குள் போய்விட்டார். ஓய்வூதியம் உறுதியான பிறகு இதைப் பேசுவது வீரம் அல்ல. அப்படி யாரும் என்னைப் பாராட்டிவிடாதீர்கள்.

இன்று காலை புதுப்பட்டினத்துக்குப் போனேன். மார்க்கெட்டில் சந்திரம்மா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். சின்னையனின் மனைவி. கடை ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எங்கிட்டகூட உங்க பேர சொல்லல சார் அவுரு" என்றார். "நல்ல வேலைய கெடுத்துக்கினு வந்து வூட்ல குந்திக்கினியே, இன்னாத்த கெடுத்து வச்சேன்னு நான்தான் தெனம் ஏசிக்கினே இருந்தேன். மூச்சு வாங்கிக்கினு படுத்திருந்தப்பகூட ஏசினேன். அத்த நான் இப்ப யாருகிட்ட போயி திருப்பி வாங்கிக்கறது?"

சபையோரே, அந்தக் கேள்விக்கு உங்களில் யாராலாவது பதில் சொல்ல முடியுமா?

நான் செய்யக்கூடியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்விதழுக்கு, மாதிரியைச் சூடேற்ற உத்தரவிட்டது நான் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதே கடிதத்தின் நகல் முதல்வர் அவர்களின் மேசையில் இருக்கிறது. சின்னையன்மீது இந்தக் கல்லூரி எழுதிய குற்றக் குறிப்பை நீக்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறேன். மீதமுள்ள எட்டுப் பட்டறைகளுக்கு வரும் சனிக்கிழமை முதல் நான் போவேன். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் நிற்பேன். நீங்கள் என்னை உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன். பேராசிரியர் ஜெசிந்தா அவர்களே, உங்களுக்கு நான் செய்ய முடிந்த அஞ்சலி இவ்வளவுதான். பிந்திவிட்டது. மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

காலையில் நான் கிளம்பும்போது சந்திரம்மா ஒன்று கேட்டார். "மீட்டிங்குல மைக்கு இருக்குமா சார்? அதுல சொல்லு. எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லு" என்றார். கடையைப் பூட்டிவிட்டு அதைக் கேட்கத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சந்திரம்மா, சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சின்னையன் எதையும் கெடுக்கவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார்.