பிஎச்டி பண்ணலாமா என்று தங்கை கேட்டாள்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம் மேடம். நாற்பதைத் தாண்டிவிட்டேன், உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்பது என் தங்கையின் சாவைப் பற்றி. அதைச் சொல்ல வேண்டுமானால் அவள் படிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே உளவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். நடக்காத ஒன்றை நடந்ததாக ஒருவரை எப்படி நம்பவைக்க முடிகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. நான் முனைவர் பட்டம் வாங்கியவள், வருடாவருடம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலை. சிட்டு முதுகலையோடு உதவியாளராக வந்தவள். சிட்டு என்பது வீட்டுப் பெயர். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, ஊட்டிவிட்டு வளர்த்தது நான்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "அக்கா, பிஎச்டி பண்ணினா ஆராய்ச்சியில நிஜமாவே மேல போக முடியுமா? இல்ல, வருஷங்களைத் தொலைச்சதுதான் மிச்சமா?"

நேர்மையாகத்தான் பதில் சொன்னேன். பட்டம் இல்லாவிட்டால் காலம் பூராவும் அடுத்தவர் கேள்விக்குத் தகவல் சேகரித்துக் கொடுக்க வேண்டியதுதான். கருத்துக்கணிப்பு நிறுவனங்களில் வேலை கிடைக்கும், சம்பளமும் பரவாயில்லை. ஆனால் சொந்தமாக ஆய்வு நடத்தவும் நிதி கேட்கவும் பட்டம் வேண்டும். வாங்கினாலும் நல்ல இடம் நிச்சயமில்லை. "என்னையே பாரேன்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

எங்கள் பேராசிரியர் இன்னும் சில வருடங்களில் ஓய்வுபெறப் போகிறவர். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "உங்க தங்கச்சி மூளை கத்தி மாதிரிம்மா. பட்டம் மட்டும் முடிச்சிட்டா, ஆய்வகத்தையே அந்தப் பொண்ணுகிட்ட ஒப்படைச்சிடலாம். நீங்க கூட இருந்து பாத்துக்கங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பொறுப்பை அவள் தாங்குவாளா? சின்ன வயதிலிருந்தே இதயத் துடிப்பு சீராக இல்லாத பிள்ளை. காலையில் ஒரே ஒரு மாத்திரை. கூடிவிட்டால் ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

வேண்டாம் என்று அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை. அவளாகவே பின்வாங்கினால் நல்லது என்று தோன்றியது. அதனால் சின்னச் சின்னதாக ஆரம்பித்தேன். அவள் அணைத்துவிட்டு வந்த அடுப்பைப் பற்றவைத்தேன். சாவியை இடம் மாற்றினேன். சொல்லாத ஒன்றை, "நேத்துதானேடி சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா?" என்றேன். ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட இதுதான் செய்வோம். அங்கே ஆய்வுக்கு வந்தவர்களைக் கடைசியில் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடுவோம். வீட்டில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

நேர்முகத் தேர்வில், தான் எதை ஆராயப் போகிறோம் என்பதையே தடுமாறித்தான் சொன்னாளாம். ஆனாலும் அவளை எடுத்துக்கொண்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

முடிவு தெரிந்த மறுநாள் காலை ஈரத் தலையோடு வந்து நின்றாள். "அக்கா, நான் மாத்திரை போட்டேனா?"

போட்டிருந்தாள். என் கண் முன்னால்தான் போட்டாள்.

"இன்னும் போடலடி" என்றேன்.

போட்டுக்கொண்டாள். துணி மாற்றிக்கொண்டு வந்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதிலைச் சொன்னேன். கிளம்புவதற்கு முன் இன்னொரு தடவை. அந்தத் தடவை தண்ணீரும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

"நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்னக்கா" என்றாள்.

நான் எதையும் அவள் வாயில் திணிக்கவில்லை மேடம். தானாகத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாசலுக்குப் போகும்போது சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதறிவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை. பிடி தளர்ந்த பிறகுதான் எழுந்தேன்.

கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அவளிடம் என்ன பொறாமை? அவள் செய்யவிருந்த ஆய்வை அப்படியே விட்டுவிடப்போவதில்லை. சிறையில் எழுத அனுமதிப்பார்களாமே. நானே முடித்துவிடுவேன். அச்சில் வரும்போது அவள் பெயரையும் போடுவேன், என் பெயருக்கு அடுத்து.