எறும்பின் ஆறு வார லீவு

ஃப்ரீசர் அலாரம் வீறிட்டபோது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம், ஆய்வகத்தில் வேறு யாருமில்லை. அந்தச் சத்தத்தில் ஒரு வரி படிக்க முடியாது. நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, என் மாணவியின் ஆய்வேட்டில் எழுத்துப் பிழைகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கியதே நான்தான் என்பதால், பதற ஒன்றுமில்லை.

அவளை எல்லாரும் எறும்பு என்பார்கள். எதையாவது சுமந்துகொண்டு ஓடிக்கொண்டே இருப்பாள். பிப்பெட் பிடிப்பதிலிருந்து நோயாளியிடம் பேசுவதுவரை நான்தான் கற்றுக்கொடுத்தேன். பதினெட்டு வருடம் உழைத்து நான் கண்டுபிடித்த மூட்டுவலி மருந்தை, நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம் என் அறைக்கு வந்தாள்.

"சார், ஒன்பது பேரோட ரத்தத்துல கல்லீரல் கெடுறது தெரியுது. மருந்தை நிறுத்திடலாமா?"

"ஒரு தடவை பார்த்துட்டு ஊரைக் கூட்டக் கூடாதும்மா. மறுபடி சோதிச்சுப் பாரு."

வழிகாட்டி அப்படித்தான் சொல்ல வேண்டும். மறுபடி சோதிக்க வேண்டிய ரத்தம் அந்த ஃப்ரீசரில் இருந்தது.

திங்கட்கிழமை தரையெல்லாம் தண்ணீர். எறும்பு தேம்பினாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். ஆறு வாரம் லீவும் கொடுத்தேன். எந்த வழிகாட்டி கொடுப்பார்? தரை துடைக்கும் அம்மாள்தான் பிளக்கைப் பிடுங்கியிருப்பார் என்று முடிவானது. அவருக்கு வேலை போனது. எனக்கு வருத்தம்தான்.

மருந்து தொடர்ந்தது. நாலாவது வாரம், அந்த ஒன்பது பேரில் ஒருவரான பஸ் டிரைவர் வந்தார்.

"முட்டி ஜோரா இருக்கு டாக்டர், மாடிப்படி ஏறுறேன். கண்ணுதான் எலுமிச்சம்பழமாட்டம் ஆயிடுச்சு" என்று சிரித்தார்.

அடுத்த மாத்திரை அட்டையை நானே அவர் கையில் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் இறந்தார். முட்டி கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.

லீவு முடிந்து எறும்பு உங்களோடு வந்தாள், இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்பது பேரின் ரத்தத்தையும் வேறோர் ஆய்வகத்தில் மறுபடி சோதித்த முடிவுகளை மேஜைமேல் வைத்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. அழகான வேலை. ஒன்றுதான் புரியவில்லை.

"எல்லாம் உருகிப் போச்சேம்மா. ரத்தம் ஏது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை வேற கட்டடத்துல வைக்கணும்னு முதல் நாளே சொல்லிக்கொடுத்தீங்களே சார்... அதை நான் நிஜமாவே செய்வேன்னு நினைக்கலையா?"