தாளம் தப்பாதவன்

எனக்குக் காலைக் காபி ஆறு பத்துக்கு வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். ஆறு பதினொன்று ஆனால் அது காபியில்லை, கஷாயம். தண்டலம் பக்கத்து போல்ட் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னைக் கேட்டுக்கொண்டுதான் ஸ்ரீபெரும்புதூரில் சூரியன் உதிக்கிறது என்று ஷிஃப்டுக்கு வந்தவர்கள் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

என் மனைவி அம்ருதவல்லியைப் பற்றிக் கேட்கிறீர்கள். பதின்மூன்று வயதில் அரங்கேற்றம். அவள் ஆடினால் செம்பரம்பாக்கம் ஏரி கரையேறி வந்து முன்வரிசையில் உட்காரும். அவளுடைய வாத்தியார் காலமானதும் நட்டுவாங்கத்துக்கு ஆளில்லாமல் போயிற்று. அவளே என் கையில் தாளத்தைக் கொடுத்து, ஜதி சொல்லவும் கற்றுக்கொடுத்தாள். அப்புறம் இருபத்திரண்டு வருஷம் நான் தட்டினேன், அவள் ஆடினாள். ஒருமுறை பத்திரிகையில் நாற்பது வரி விமர்சனம் வந்தது. அதில் எனக்கு ஒரே வரி: 'நட்டுவாங்கம் உடன் இருந்தது.' குடை உடன் இருந்தது என்கிற மாதிரி.

இந்தத் தொண்ணூற்றொன்று தை மாதம் டில்லியில் ஒரு நடனப் பள்ளியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அங்கேயே தங்கி ஆடலாம், கற்றுக்கொடுக்கலாம்.

"நட்டுவாங்கத்துக்கு அவாளே ஆள் வெச்சிருக்காளாம்," என்றாள். "நீங்க ஆத்துல சௌக்கியமா இருங்கோளேன். ரிடையர் ஆனவர்தானே."

மறுநாள் பூக்காரி மீனம்மாள் வாசலிலேயே சிரித்தாள். "இன்னா சாமி, அம்மா டில்லிக்குப் போவுதாமே? நீ வூட்ல குந்திகினு யாருக்குத் தாளம் போடப் போறே? சட்டிப் பானைக்கா?"

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை.

பங்குனியில் அம்ருதாவுக்கு வலது குதிகாலில் வலி. பூந்தமல்லி டாக்டர் வாயால் அதிகம் பேசாதவர்; சோதித்துவிட்டு இங்கிலீஷில் எழுதி என் கையில் கொடுத்தார்: குதிகால் தசைநாண் பாதி கிழிந்திருக்கிறது, மூன்று மாதம் ஆடக் கூடாது, ஓய்வெடுத்தால் பழையபடி ஆடலாம், ஆடினால் அறுந்துவிடும். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன்: "சுளுக்காம். ஆடினா சரியாயிடுமாம்."

சித்திரை உற்சவத்தில், குளத்தங்கரைப் பந்தலில், டில்லி போகுமுன் கடைசிக் கச்சேரி. வர்ணத்தில் முதல் ஜதி மூன்று காலத்தில், ஒன்றைவிட அடுத்தது இரட்டை வேகமாக, வரும். முதல் காலத்தையே நான் சற்று விறுவிறுப்பாக எடுத்தேன். அப்படி எடுத்தால் மூன்றாம் காலம் எக்ஸ்பிரஸ் ரயில். இரண்டாம் காலத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'கொஞ்சம் மெதுவா' என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாத பார்வையா? கண்ணை மூடிக்கொண்டேன். லயத்தில் ஆழ்ந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

நட்டுவனார் நிறுத்தாமல் ஆடுகிறவள் நிற்கக் கூடாது. அது அவள் வாத்தியார் வைத்த சட்டம், நான் வைத்ததல்ல.

காய்ந்த அவரைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. ஜதி முடியப் பதினாறு அட்சரம் பாக்கி இருந்தது. சொல்லி முடித்தேன். பாதியில் விடுவது பாவம், சார். கண்ணைத் திறந்தபோது அவள் தரையில் கிடந்தாள்.

டாக்டரின் கடிதத்தை அவளுடைய சிஷ்யை ஜயஸ்ரீ என் தாளப் பெட்டியில், வெல்வெட்டுக்கு அடியில் கண்டெடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். ஏன் கிழித்துப் போடவில்லை என்கிறீர்கள். டைம்கீப்பர் காகிதத்தைக் கிழிக்க மாட்டான். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளை நான் ஒரு விரலாலும் தொடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி அவளால் ஆட முடியாது என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? தினமும் சரியாக நாலு மணிக்குக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதே ஜதியைத் தட்டுகிறேன். போர்வைக்குள் அவள் கால்விரல்கள் தாமாகவே அசைகின்றன. என் தாளத்தை விட்டு அவளால் எங்கே போக முடியும்?

"போறும், நிறுத்துங்கோ," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் வெட்கம்.