கம்பிக்குக் கீழே

இரவு ஒன்றரை மணி. ஒஸ்திரியா எல்லையில் ஒரு மலைக்காடு. 1991, ஒக்டோபர் பதினாறு.

பகலில் அந்தப் பாதையால் வெள்ளைக்காரக் கிழவர்கள் ஊன்றுகோல் பிடித்து உல்லாசமாக நடந்து போவார்கள். வழி தவறாமலிருக்க மரங்களில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று பெயின்ற் அடித்திருக்கும். இரவில் அந்தப் பெயின்ற் தெரியாது. இரவில் போனவர்கள் நம்மவர்கள்.

"ரோர்ச் அடிக்கேலாது. கதைக்கேலாது. இருமல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இரும வேணும்" என்றான் பெனடிக்ற்.

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் எங்கள் மினிகாப் அலுவலகம். வெளியே பனி கொட்டுகிறது. இரண்டு மணி நேரமாக ஓட்டமே இல்லை. ஒரேயொரு ஹீட்டர், அதைச் சுற்றி நான், பெனடிக்ற், ரேடியோவில் கார்களை அனுப்பும் கஸ்பர். பேய்க் கதை வேண்டும் என்று கேட்டது கஸ்பர்தான். ஆனால் பெனடிக்ற் வாயைத் திறந்தபோது அவன் முகத்தில் பயமில்லை. கோபம்.

"இது என்ர மனிசியின்ர தமையன் யோகலிங்கத்துக்கு நடந்தது. சொந்தம் எண்டு மரியாதை குடுத்துக் கதைப்பன் எண்டு நினையாதேங்கோ."

ஏழு பேர். முன்னால் வழிகாட்டி, அந்த ஊர்க்காரன். ஏழு பேரில் ஒருத்திதான் பெண். சிவமலர். இருபத்துமூன்று வயது. கொழும்பில் அவளுடைய அம்மா யோகலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "தம்பி, இவளை லண்டனில தமையனிட்டச் சேர்க்கிறது உம்மட பொறுப்பு." தமையன் பாலேந்திரா தோர்ண்டன் ஹீத்தில் அறை எடுத்து, திரைச்சீலை போட்டு, தங்கச்சிக்காகக் காத்திருந்தான்.

இருட்டில் யோகலிங்கத்தின் சால்வை நுனியைப் பிடித்தபடி சிவமலர் நடந்தாள். உச்சியில் ஒரு மரக் கொட்டில். நிற்கவில்லை, தாண்டினார்கள். அதற்கப்பால் பாறை. ஒரு காலடி அகலம்தான் வழி. பாறையில் இரும்புக் கம்பி அடித்து இழுத்திருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

சால்வையை விட்டாள்.

பாறையைத் தாண்டியதும் பனிப்புகார். முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெரியாத புகார். யோகலிங்கத்தின் சால்வை மறுபடி பின்னால் இழுபட்டது. அவள் பிடித்துவிட்டாள் என்று நினைத்தான். பத்து எட்டு நடந்திருப்பார்கள்...

"யோகண்ணை..."

பின்னாலிருந்து இல்லை. கீழேயிருந்து. பாதையே இல்லாத பக்கத்திலிருந்து.

எல்லோரும் நின்றார்கள். கூட்டத்தில் மூத்தவர் அம்பலவாணன். அவர் பல்லுக்குள்ளால் சீறினார்: "ஒருத்தரும் ஓம் எண்டாதேங்கோ! மனிசர் எண்டால் மூண்டாந்தரமும் கூப்பிடும். பேயெண்டால் ரெண்டோட நிக்கும். தெரிஞ்ச ஆளின்ர குரலிலதான் வரும்."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. நானும் நீங்களும் இரவில் முதற் குரலுக்கே ஏன் என்று கேட்போமா?

"யோகண்ணை... கால்..."

இரண்டு.

காத்து நின்றார்கள். மர ஊசிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... வெட்டிய மரத்தின் பிசின் மணம். ஒரு சிறு கல் உருண்டு, உருண்டு, எங்கோ அடியில் போய் நின்றது.

மூன்றாவது குரல் வரவில்லை.

"பாத்தியளே?" என்றார் அம்பலவாணன். நடந்தார்கள்.

விடிந்தபோது காட்டின் கீழ்முனையில் ஒரு வான் நின்றது. யோகலிங்கம் திரும்பிப் பார்த்தான். சால்வை நுனியைப் பிடித்திருந்தவன் மீசை வைத்தவன்.

ஆறு பேர்.

"அண்ணை..." என்றான் கஸ்பர் மெதுவாக. "இருட்டில பிழை நடக்கிறதுதானே..."

"பொறடா!" பெனடிக்ற் மேசையில் அடித்த அடியில் தேநீர்க் கோப்பை துள்ளியது. "அது பிழை. ஓம். அந்த நேரம் நானெண்டாலும் பிழை விட்டிருப்பன். நாய்ப் புத்தி அதுக்குப் பிறகுதான்."

வானில் ஏறும்போதே அம்பலவாணன் சத்தியம் வாங்கினார். திரும்பிப் போனால் எல்லோரும் பிடிபடுவோம். உதவி கூப்பிட்டால் பாதை அடைபடும். பொலிஸ் பிடித்துவிட்டது என்று சொல்லுவோம். வழியில் ஒரு தொலைபேசிக் கூண்டு வந்தது. கண்ணாடி பளபளத்தது. வான் அதற்குப் பக்கத்தில் நின்று டீசல் அடித்தது. ஐந்து நிமிடம். ஒருவனும் இறங்கவில்லை. அவள் அப்போது உயிரோடு இருந்திருப்பாள். அடுத்த நாளும் இருந்திருப்பாள். கால் முறிந்தவள் உடனே சாவதில்லை.

யோகலிங்கம் லண்டன் வந்து பாலேந்திராவின் முன்னால் நின்று, கண்ணைப் பார்த்துச் சொன்னான்: "பொலிஸ் கொண்டு போட்டுது பாலண்ணை. ஏதோ காம்பில இருப்பா."

பாலேந்திரா முகாம் முகாமாகக் கடிதம் எழுதினான். ஐந்து வருடம். தங்கச்சிக்கு என்று திரைச்சீலை போட்ட அறையை யாருக்குக் கொடுத்தான் தெரியுமா? யோகலிங்கத்துக்கு. பெற்றோல் செட்டில் இரவு ஷிப்டும் எடுத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துப் போட்டான். அவனும் தின்றான்.

முதல் தரம் குரல் வந்தது அந்தப் பெற்றோல் செட்டில்தான். கதவு பூட்டி, கண்ணாடி ஜன்னலால் காசு வாங்கும் நேரம். வெளியே வாகனம் இல்லை, ஆள் இல்லை. ஜன்னல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"யோகண்ணை..."

பிசின் மணம், பெற்றோல் மணத்துக்கு மேலால்.

ஒவ்வொரு கிழமையும் வந்தது. பஸ் தரிப்பில். குளியலறைத் தண்ணீர்க் குழாயில். அவன் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வருடம் 'அண்ணை' போய்விட்டது. வெறும் "யோகலிங்கம்". மூன்றாம் வருடம், "இஞ்ச பாரும்". நான்காம் வருடம், "டேய்".

"மரியாதை குறையக் குறைய அவனுக்கு உடம்பும் குறைஞ்சுது" என்றான் பெனடிக்ற். "நல்லா வேணும்."

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்பு. யோகலிங்கம் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு அழத் தொடங்கினான். எல்லாவற்றையும் சொன்னான். கம்பி. புகார். இரண்டு குரல். தொலைபேசிக் கூண்டு.

பாலேந்திரா அடிக்கவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவினான். நெடுநேரம் கழுவினான். பிறகு சொன்னான்:

"இடத்தைக் காட்டு. எனக்கு அவளின்ர எலும்பாவது வேணும்."

அதே ஒக்டோபர் பதினாறு. இந்த முறை பகல் வெளிச்சத்தில், விசாவோடு, ஏறினார்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு. எதிரே வந்த கிழவர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். இவ்வளவு நல்ல பாதையா என்று பாலேந்திராவுக்கு வயிறு எரிந்தது.

உச்சியில் அந்தக் கொட்டில். யோகலிங்கம் உள்ளே வர மாட்டேன் என்று வாசலில் நின்றுகொண்டான். உள்ளே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் தடித்த கொப்பி. மலை ஏறுகிறவர்கள் எழுதிவைக்கும் கொப்பி: திகதி, பெயர், எத்தனை பேர், எங்கிருந்து, எங்கே. யாரும் காணாமற் போனால் தேடுவதற்காக.

பாலேந்திரா சும்மா புரட்டினான். ஜேர்மன் பெயர்கள். ஜேர்மன் பெயர்கள். பிறகு...

தமிழ்.

*16.10.92. சிவமலர். ஒருத்தி. உடுப்பிட்டி. லண்டன்.*

தங்கச்சியின் கையெழுத்து. 'ல'வைச் சுழித்து எழுதுகிற அதே கை. தொண்ணூற்றிமூன்றிலும் இருந்தது. நான்கிலும். ஐந்திலும். எழுத்து வருடத்துக்கு வருடம் அழுத்தமாகி, கடைசியில் தாளைக் கிழித்திருந்தது.

புரட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு வந்தான். அன்றைய திகதி. மை காயவில்லை.

*சிவமலர். இரண்டு பேர்.*

"என்ன பாலண்ணை, ஏதும் கிடக்கே?" வாசலிலிருந்து யோகலிங்கத்தின் குரல்.

பாலேந்திரா கொப்பியை மூடினான்.

"ஒண்டுமில்லை. நீ முன்னுக்கு நட."

பாறை. கம்பி. யோகலிங்கம் முன்னே, பாலேந்திரா பின்னே. நடுப் பாறையில் யோகலிங்கத்தின் கால்கள் நின்றுவிட்டன. நெற்றியால் வியர்வை. மெல்லத் தலையைத் திருப்பினான்.

"அண்ணை... கீழயிருந்து... 'வாடா' எண்டு... கேட்டதே?"

கேட்டது. பாலேந்திராவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து கேட்ட குரல்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றான். "போ."

பெனடிக்ற் ஹீட்டரைக் காலால் தன் பக்கம் இழுத்தான். ரேடியோ இரைந்தது.

"பாலேந்திராவே என்னட்டச் சொன்னது இது. கண் சிமிட்டி முடிக்க, கம்பியில ஆளில்லை. கத்தின சத்தமும் இல்லை, விழுந்த சத்தமும் இல்லை."

எட்டு நாள் தேடினார்கள். நாய்கள், கயிறு, ஹெலிகொப்டர். கம்பிக்கு நேரே கீழே, பள்ளத்தில், ஒரே ஓர் ஆள் கிடைத்தது. பெண். ஐந்து வருடப் பழைய எலும்பு. யோகலிங்கம் இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

அடையாளம் காட்டப் பாலேந்திராவைக் கூட்டிப் போனார்கள். துணியை விலக்கினார்கள். எலும்புக் கால்களில் ஆம்பிளைச் சப்பாத்து. புதுசு. யோகலிங்கம் அந்த மலைக்கென்று, புறப்பட முந்தின கிழமை, குரோய்டனில் வாங்கியது. லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது.

அந்த எட்டு நாளும் ஒரு துளி மழை இல்லை.

சப்பாத்தின் அடியில் சேறு. ஈரச் சேறு.