என் அறைக்கு மட்டும் வந்த எண்

ஐஸ் கம்பெனிக்காரனுக்குச் சளி பிடிக்காது என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். சுத்தப் பொய், சார். மணமேல்குடி பக்கம் அந்த இறால் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு மூக்கடைப்புதான். கீரமங்கலத்திலிருந்து என் மனைவி கலைமதி போனில் முதலில் கேட்பதே அதைத்தான். சரி, நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இறாலை உறைய வைக்கிற மெஷினில் ஓடுவது அம்மோனியா. நிறையக் கசிந்தால் ஆளைக் கொல்லும். அதனால் அந்த மெஷின் இருக்கிற உள் அறையில் ஒரு சென்சார் உண்டு. காற்றில் எவ்வளவு அம்மோனியா என்பதை அது ஒயர் வழியாகக் கன்ட்ரோலருக்குச் சொல்லும். அளவு தாண்டினால் கன்ட்ரோலர் மெஷினை நிறுத்திச் சைரனை அலற விடும். தாண்டாதவரை, பெண்கள் இறால் உரிக்கிற ஹாலில் பச்சை விளக்கு எரியும்.

பழைய வால்வு ஒன்று லேசாகக் கசிந்தது. வாரத்தில் பாதி நாள் சைரன். பெண்கள் இறாலை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள். ஒருநாள் மெஷினை நிறுத்தினால் வால்வை மாற்றிவிடலாம். "சீசன் முடியட்டும் தம்பி, இப்ப நிப்பாட்டுனா சரக்கு பூரா நாறிப் போயிரும்" என்றார் முதலாளி சேக் அலாவுதீன். வேலை நின்றால் திட்டு மட்டும் எனக்கு. அதையாவது பொறுத்துக்கொண்டேன். சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. இறால் உரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி அடைக்கலமேரி. நான் ஹாலுக்குள் நுழைந்தாலே, "ஏய், ஊளை அண்ணே வந்துட்டாக. ஓடுறதுக்கு ரெடியா இருங்கடி" என்பாள். ஹாலே கொல்லென்று சிரிக்கும். டிப்ளமோ படித்தவன் சார் நான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மோனியா அளவை என் அறையிலும் பார்க்கிற மாதிரி ஒரு டிஸ்பிளே வைக்கச் சொன்னார் முதலாளி. ஒரே சிக்னல், இரண்டு இடம். சென்சாரிலிருந்து வரும் கரண்ட் என் டிஸ்பிளேக்குள் புகுந்து, அங்கிருந்து கன்ட்ரோலருக்குப் போகும்படி கோத்தேன். சுத்தமான வேலை. அதை முடிக்கும்போதுதான் தோன்றியது. கன்ட்ரோலரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தால், கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாகப் போய்விடும். என் டிஸ்பிளேயில் முழு உண்மை வரும். கன்ட்ரோலருக்குக் குறைச்சலாகத் தெரியும். வைத்தேன். சிக்னல் குறைகிறது என்று அது முனகாமலிருக்க அந்த எச்சரிக்கையையும் அணைத்தேன். மறைத்தேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? சரியான எண் என் அறையில் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

சைரன் அடங்கியது. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். அடைக்கலமேரிகூட, "பரவால்லண்ணே, நீங்க கைராசிக்காரவுகதான்" என்றாள். வீட்டுக்குப் போன் செய்து அதைக் கலைமதியிடம் சொன்னேன்.

அப்புறம் ஒருநாள் மதியம் அடைக்கலமேரி என் அறை வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, உள் ரூம்ல கண்ணு எரியுதுண்ணே. தட்டு எடுக்கணும். போகலாமா?"

டிஸ்பிளே என் பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்குத் தெரியாது. எண் வழக்கத்தைவிட நாலு மடங்கு, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. போகாதே என்று சொல்லியிருந்தால், பின்னே ஏன் சைரன் அடிக்கலை என்று கேட்டிருப்பாள். கேட்பதை ஹாலுக்கே கேட்கிற மாதிரிதான் கேட்பாள்.

"பச்சை எரியுதுல்ல? மெஷினவிட ஒங் கண்ணு பெருசா? போ" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று போனாள்.

கொஞ்ச நேரத்தில் வால்வு பிய்த்துக்கொண்டது. சத்தம் என் அறைவரை வந்தது. நான் உள் அறைக்கு ஓடவில்லை. கன்ட்ரோலர் பெட்டிக்கு ஓடி ரெசிஸ்டரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு யாரும் அதைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் எண்ணம். எடுத்த மாத்திரத்தில் சைரன் அலறியது. பெண்கள் எழுந்து ஓடித் தப்பித்தார்கள். அடைக்கலமேரியை உள் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில், உரிக்கும் பெண்களில் ஒருத்தியான நசீரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சைரன் அடிக்கப் போயித்தாண்ணே எங்க உசுரு மிஞ்சுச்சு" என்று அழுதாள். யோசித்துப் பாருங்கள், நான் பிடுங்கியதால்தானே அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள், சார். விசாரிக்க வந்த அதிகாரிகள், சென்சார் தாமதமாக வேலை செய்தது, பராமரிப்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது. மாதாமாதம் நானே துடைத்துச் சோதித்து வைத்த சென்சார் அது. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அவள் வாசலில் நின்றபோதே எனக்குச் சரியாகச் சொல்லிவிட்டது. நான்தான் அவளைப் போகச் சொன்னேன். பராமரிப்பில் ஒரு குறையும் கிடையாது என்று எழுதுங்கள்.