பார்த்தாலே புரியும்

மகள்: எங்கே வச்சீங்கன்னு சொல்லுங்கப்பா. திட்ட மாட்டேன்.

அப்பா: இப்பவே குரல் ஏறுது. திட்ட மாட்டாளாம்!

மகள்: சரி, இறக்கிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பேசிப் பேசி அனுப்பினாங்களே... அதெல்லாம் இந்த போன்ல எங்கே?

அப்பா: பத்திரமாத்தான் எடுத்து வச்சேன். அவ போனதுக்கப்புறம் கேட்டா... தாங்கல பாப்பா. இன்னிக்கு என்னமோ கேட்கணும்போல இருந்துச்சு. திறந்தா என் கண்ணுக்கு ஒண்ணும் தட்டுப்படல.

மகள்: எடுத்து வச்சீங்கன்னா, எதுல?

அப்பா: இந்தா, திரையில கீழே படம் இருக்கு பாரு. மாவு டின்னுல.

மகள்: அப்பா... அது மாவு டின் இல்ல. குப்பைத்தொட்டி.

அப்பா: போடி! குப்பைத்தொட்டிக்கு எவனாவது மூடி போடுவானா? கடைக்குப் பின்னாடி நிக்குதே, வாயைப் பொளந்துக்கிட்டு, அது குப்பைத்தொட்டி. பேக்கரிக்காரன் மூடி போட்டு வைக்கிறது மாவைத்தான். எலி வாய் வைக்கக் கூடாது, ஈரம் ஏறக் கூடாது.

மகள்: எல்லாருக்கும் பார்த்தாலே புரியும்ப்பா அது.

அப்பா: எனக்கும்தான் பார்த்ததுமே புரிஞ்சுது!

மகள்: இது எங்க ஆபீஸ்ல செஞ்ச ஆப். எத்தனையோ பேர்கிட்ட காட்டிக் கேட்டுட்டுத்தான் வெளியிட்டோம்.

அப்பா: அதுல எத்தனை பேர் ரொட்டி சுடுறவங்க?

மகள்: ...ஒருத்தரும் இல்ல.

அப்பா: அப்படிச் சொல்லு. மேலே பல்லு பல்லா ஒண்ணு இருக்கே, அது பிஸ்கட் அச்சு. தொட்டா என்னென்னமோ வருது, பிஸ்கட்டைத் தவிர.

மகள்: சிரிக்க வைக்காதீங்கப்பா, அது செட்டிங்ஸ் சக்கரம்... இந்தத் தொட்டியில போட்டது ஒரு மாசத்துல தானா அழிஞ்சிடும்.

அப்பா: அழிஞ்சிடுமா? யாரைக் கேட்டு?

மகள்: உங்களைத்தான் கேட்டிருக்கும். “நிச்சயமா?”ன்னு.

அப்பா: கேட்டுச்சு. நல்லாப் பத்திரமா இருக்கட்டும்னு, “நிச்சயமா”ன்னு அமுக்கினேன்.

மகள்: ஐயோ அப்பா... இங்கே கொடுங்க. எப்போ போட்டீங்க?

அப்பா: கொஞ்சம் கொஞ்சமா. பிடிச்சதெல்லாம் முதல்ல. அவ சிரிச்சது... பாட்டு முணுமுணுத்தது... நீ பொறந்த கதையைச் சொன்னது...

மகள்: அதெல்லாம் போயிடுச்சுப்பா.

அப்பா: கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

மகள்: பார்த்துட்டேன்.

அப்பா: இன்னொரு தடவை, என் கண்ணுல்ல.

மகள்: ...இருங்க. ஒண்ணு இருக்கு. போன வாரம் போட்டது.

அப்பா: அட, அதுவா? அது என்னைத் திட்டினது. அதனாலதான் கடைசியாப் போட்டேன்.

மகள்: கேட்கலாமா?

அப்பா: வை... சத்தமா வை.

அம்மாவின் குரல்: ஏங்க, ஊர்ல இருக்குறவங்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போடுறீங்களே, நீங்க சாப்பிட்டீங்களா? வெறும் டீயைக் குடிச்சுட்டு அடுப்புகிட்ட நிக்காதீங்கன்னா மண்டையில ஏறுதா? பாப்பாகிட்ட பேசும்போது குரலை உடைச்சுக்காதீங்க, அவளும் உடைஞ்சிடுவா... நர்ஸ் வந்துட்டாங்க, வைக்கிறேன்.

அப்பா: பார்த்தியா... எப்படித் திட்டுறா பாரு.

மகள்: ஆமாப்பா... நீங்க இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?

அப்பா: நீ வேற ஆரம்பிக்காதே. முதல்ல அதை வெளியே எடு.

மகள்: எடுத்துட்டேன். என் போன்லயும் போட்டுட்டேன். இனிமே போகாது.

அப்பா: இது போதும் பாப்பா. நல்லாவே திட்டியிருக்கா, போதும்.

மகள்: அப்பா... நீங்க என்னை அடிச்சாலும் சரி, சொல்லிடுறேன். அந்தத் தொட்டியை வரைஞ்சது நான்தான். ஒரு சின்னப் புள்ளைக்குக்கூட புரியும்னு ஆபீஸ்ல மார்தட்டினேன். என்னாலதான் அம்மா குரல்...

அப்பா: ஏய்... இங்கே வா. வான்னா வரணும். நீ வரைஞ்சப்பவே அம்மா என்கிட்ட சொல்லிட்டா, நம்ம கடை மாவு டின்னைப் பார்த்துத்தான் நீ வரைஞ்சேன்னு. உன் கைபட்டதுன்னு தெரிஞ்சுதாண்டி, வேற எங்கேயும் வைக்க மனசு வராம அதுல வச்சேன்.