கையெழுத்துக்கு மேலே உள்ள இடம்

விசாரணைக்கு இந்த அறையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு, ஐயா. கட்சி அலுவலகத்திலேயே ஜன்னல் ஒழுங்காக மூடுவது இங்கே மட்டும்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பின்னால் சாய்க்காமல் இருந்தால் போதும். ஏற்கெனவே இரண்டு கொள்கைபரப்புச் செயலாளர்களைக் கீழே தள்ளியிருக்கிறது.

சட்டமன்றக் கட்சித் தலைவருக்குப் பதினோரு வருடம் உதவியாளனாக இருந்தேன். எந்நேரமும் காகிதங்களைக் கோத்துக்கொண்டிருப்பதால் எல்லாருக்கும் நான் குண்டூசி.

உங்கள் முன்னால் இருக்கும் கடிதம் நான் தட்டச்சு செய்ததுதான். கணவரை இழந்த ஓர் ஆசிரியைக்கு இடமாற்றம் கேட்டுச் சிபாரிசு. கையெழுத்து தலைவருடையது. தேதி, அவர் இறந்த மூன்றாம் நாள். கடிதத்தைப் பெற்ற அதிகாரி இறுதி ஊர்வலத்தில் மலர்வளையம் தூக்கி நடந்தவர். பயந்துபோய்ப் புகார் கொடுத்துவிட்டார். கடைசியில் அந்த அம்மாவுக்கு இடமாற்றம் கிடைக்கவில்லை. பாவம்.

விஷயம் எளிது. தலைவருக்குக் கடிதம் படிக்கப் பொறுமை கிடையாது. திங்கட்கிழமை காலையில் ஐம்பது வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். மேலே உள்ள இடத்தை வாரம் முழுக்க நான் நிரப்புவேன். வாழ்த்து, இரங்கல், கண்டனம், எல்லாம். மறுநாள் பேப்பரில் தன் கண்டன அறிக்கையைப் படித்துவிட்டு, "அடேங்கப்பா, நேத்து நான் இவ்வளவு கோபமாவா இருந்தேன்?" என்று என் முதுகில் தட்டுவார். அவருடன் வேலை செய்வது அவ்வளவு சுகம்.

துணைத் தலைவரை எங்கள் கட்சியில் மாப்பிள்ளை என்பார்கள். உறவெல்லாம் இல்லை. கல்லூரி விடுதியில் தலைவருக்கும் அவருக்கும் ஒரே அறை. தலைவர் இவரை மாப்பிள்ளை என்பார், இவர் தலைவரை மச்சான் என்பார். தினமும் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே அன்றைய அரசியலை முடித்துவிடுவார்கள். நான் ஒன்பது மணிக்கு வந்தால் எனக்கு மிஞ்சுவது தட்டச்சு மட்டும். ஒரு மனிதன் எத்தனை வருடம்தான் எல்லாவற்றையும் கடைசி ஆளாகத் தெரிந்துகொள்வான், சொல்லுங்கள்.

ஆரம்பம் சின்ன விஷயம்தான். சட்டமன்றத்தில் எங்கள் உறுப்பினர் நாற்பத்து மூன்று பேருக்கும் யாருக்கு எந்த இருக்கை என்ற பட்டியலை நான்தான் தட்டச்சு செய்வேன். போன கூட்டத்தொடரில் மாப்பிள்ளையை முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்கு, ஒரு தூணுக்குப் பின்னால், நகர்த்திப் பார்த்தேன். அந்த இடம் தொலைக்காட்சியில் தெரியாது. ஒரே வாரத்தில் அவர் மனைவி கேட்டுவிட்டாராம்: "நீங்க சட்டசபைக்குத்தான் போறீங்களா, இல்ல வேற எங்கயாவது போயிட்டு வர்றீங்களா?"

மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்தார். "குண்டூசி, மச்சான் மனசுல என்னதான்டா ஓடுது?"

"பெரியவங்க விஷயம், எனக்கெதுக்குங்க" என்று தலைவர் கையெழுத்திட்ட பட்டியலை எடுத்துக் காட்டினேன்.

தலைவரும் என்னிடம்தான் கேட்டார். "மாப்பிள்ளை ஏன்டா தூணைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்?"

"அவரே கேட்டு வாங்கின இடங்க. உங்க பக்கத்துல உட்கார்ந்தா மூச்சு முட்டுதாம்."

ஏழு மணித் தொலைபேசி நின்றது. அடுத்த மாதத்தில் தலைவர் பக்கம் இருபத்தொருவர், மாப்பிள்ளை பக்கம் இருபத்திரண்டு பேர். தாழ்வாரத்தின் இரு முனைகளில் இரண்டு கோஷ்டிகள், நடுவில் என் மேசை. அடுத்து வந்த ஆறு மாதத்தில் நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இவர் என்ன சொன்னார் என்று அவரும், அவர் என்ன சொன்னார் என்று இவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில்கூட என் முகம் தெளிந்துவிட்டதாக மனைவி சொன்னாள்.

பிறகு தலைவருக்கு இதய அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. முதல் நாள் திங்கட்கிழமை. வழக்கம்போல ஐம்பது தாள்களிலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "ஆபரேஷன் முடியட்டும், மாப்பிள்ளையை நேர்ல உட்கார வச்சுப் பேசிடறேன். நடுவுல ஆளே வேண்டாம்" என்றார்.

நடுவில் இருந்த ஆள் நான்.

மறுநாள் பதினொன்றேகாலுக்கு, அவர் மார்பு திறந்திருந்த நேரத்தில், சபாநாயகர் அலுவலகத்தில் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவியிலிருந்து அவர் விலகும் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். உடல்நலக் காரணங்கள், தொண்டர்களுக்கு நன்றி, ஒரு பக்கம்தான். வாங்கி முத்திரை குத்திய பெண், "தப்பே இல்லாம ஒரு கடிதம் இப்பத்தான் பார்க்கறேன் சார்" என்றார். மனசுக்கு நிறைவாக இருந்தது. தலைவருக்கும் ஓய்வு தேவைப்பட்டது அல்லவா? தலைவரின் மனைவி, எங்கள் அண்ணிகூட, "இனிமேலாவது வீட்டோட இருப்பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பத்து நாளைக்கு அதிர்ச்சியான எதுவும் நோயாளி காதில் விழக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அவரும் கணவரிடம் அரசியல் பேசவில்லை.

வியாழக்கிழமை இருபத்திரண்டு பேர் கைதூக்க, மாப்பிள்ளை புதிய தலைவரானார். ஆனால், "மச்சானைப் பார்க்காம அந்த நாற்காலியில உட்கார மாட்டேன்" என்று அடம்பிடித்து, ஞாயிறு காலை ஒரு பை ஆரஞ்சுடன் மருத்துவமனைக்கு வந்துவிட்டார். மேலே போக ஒரே ஒரு அனுமதிச் சீட்டு. அண்ணி குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார், சீட்டு என் சட்டைப்பையில். மாப்பிள்ளையைக் கீழே உட்காரவைத்துவிட்டு, பழங்களை வாங்கிக்கொண்டு மேலே போனேன். நல்ல பழம். படியேறும்போது ஒன்றை உரித்துச் சாப்பிட்டேன்.

தலைவர் முகத்தில் அன்று நல்ல களை. "மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினியா? இன்னைக்கு வருவானா?" என்றார். இரண்டு பேரும் இரண்டு நிமிடம் பேசினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டு நாள் பழைய பேப்பரைப் பையிலிருந்து எடுத்து, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அவர் ராஜினாமா செய்தது, மாப்பிள்ளை பதவிக்கு வந்தது, இரண்டையும்.

நான் நினைத்தது, மாப்பிள்ளையைத் திட்டுவார் என்று. அவர் திட்டவில்லை. "அவன் செய்ய மாட்டான்" என்றார். பேப்பரில் இருந்த கடிதத்தின் படத்தை நெடுநேரம் பார்த்தார். "கையெழுத்து என்னுது. மேல எழுதினது…" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடுத்த கணம் மார்பைப் பிடித்துக்கொண்டார். அழைப்பு மணி நான் உட்கார்ந்திருந்த பக்கம் இருந்தது. அவர் கை பாதி தூரம் வந்தது.

பேப்பரை நான்காக மடித்தேன். பைக்குள் வைத்தேன். மேசை கலைந்து கிடந்தது, தண்ணீர்க் குவளையைச் சரியாக வைத்தேன். அவர் கை அடங்கிய பிறகு மணியை அடித்தேன். நான்கு நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் பின்னால் சொன்னார். சின்ன வயசு, திறமையானவர்.

கீழே வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

"உங்க முகத்துலயே முழிக்க விரும்பலைன்னாருங்க."

அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். அன்றைக்கே இரங்கல் உரை கேட்டார், எழுதிக் கொடுத்தேன். ஊரே அழுதது. அது தேறிய உரை, நேரமிருந்தால் படித்துப் பாருங்கள்.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அந்த இரண்டு நண்பர்களுக்கும் நடுவே கடைசி நிமிடம் வரை பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டவன் நான் ஒருவன்தான். உங்கள் அறிக்கையில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.